கியோங்ஜு: சில்லா தலைநகரை இரண்டு நாளில் வரிசை பிசகாமல் பார்ப்பது எப்படி

தென்கொரியாவின் தென்கிழக்கில், பூசானுக்கு வடக்கே உள்ள ஊர் கியோங்ஜு. மரபுக் கணக்குப்படி கி.மு. 57 முதல் கி.பி. 935 வரை சில்லா அரசின் தலைநகர். ஆயிரம் ஆண்டுக்குச் சற்றே குறைவான காலம் ஒரே ஊர் தலைநகராக இருந்திருக்கிறது. ஆனால் முதன்முறை வருபவர் கண்ணில் படுவது புல் மூடிய மண்மேடுகளும், பெயர்ப்பலகை நட்ட வெற்றுத் திடல்களும்தான். மரத்தால் கட்டியதெல்லாம் போரில் எரிந்தது. கல்லும் பொன்னும் மண்ணும் மிஞ்சின.

காலையில் பூசானிலிருந்து வந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, மாலையில் "வெறும் புல்மேடுதானே" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பார்த்த வரிசைதான் அவர்களைக் கெடுக்கிறது. இங்கே ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதிலிருந்து என்ன கிடைத்தது என்பதை அடுத்து. அது இருந்த இடத்தைக் கடைசியில். அப்போது வெற்றுத் திடலும் பேசும். ஓர் இரவு தங்கி இரண்டு முழு நாள் கொடுத்தால் இந்த வரிசை அலைச்சல் இல்லாமல் அமைந்துவிடும். ஊரின் அமைப்பும் அதற்கு ஒத்துழைக்கிறது.

புறப்படும் முன்

முதல் தவறு பயணச்சீட்டிலேயே நடக்கும். கியோங்ஜு, கோங்ஜு, குவாங்ஜு என மூன்று ஊர்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் அதிவேக ரயிலில் போகலாம், மூன்றும் வேறு வேறு திசை. கோங்ஜு மேற்கே உள்ள பெக்ஜே அரசின் பழைய தலைநகர். அங்கேயும் அரச கல்லறைகள் இருப்பதால் இணையத்தில் தேடும்போது குழப்பம் இன்னும் கூடும். குவாங்ஜு தென்மேற்கே உள்ள பெருநகரம். சீட்டு எடுக்கும்போது ஆங்கில எழுத்துகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பூசானுக்குப் போகும் தடத்தில் கியோங்ஜு இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

தலைநகர் சோலிலிருந்து (சியோல்) கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். சாதாரண வகுப்புக் கட்டணம் 50,000 வொன்னுக்குச் சற்றுக் குறைவு. சோலின் தெற்குப் பகுதியில் தங்கியிருந்தால் சுசோ நிலையத்திலிருந்து புறப்படும் எஸ்ஆர்டி ரயில் வசதி. சீட்டு ஒரு மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வரும். வெள்ளி மாலை, சனி காலை ரயில்கள் முதலில் தீரும். வெளிநாட்டு வங்கி அட்டையைச் செயலி ஏற்காமல் போனால் நிலையக் கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம். சொல்லால் எனப்படும் சந்திரப் புத்தாண்டையும் சூசொக் அறுவடைத் திருநாளையும் ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஊரே பயணத்தில் இருக்கும். சீட்டு கிடைக்காது, கடைகள் பாதி மூடியிருக்கும்.

பழைய வழிகாட்டி நூல்களில் "ரயில் நிலையத்திலிருந்து நடந்தே கல்லறைப் பூங்காவுக்குப் போகலாம்" என்று இருக்கும். அந்த நிலையம் 2021 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. முன்பு சின்கியோங்ஜு எனப்பட்ட அதிவேக ரயில் நிலையத்துக்குத்தான் இப்போது கியோங்ஜு என்று பெயர். அது ஊர் நடுவிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நகரப் பேருந்தில் அரை மணி ஆகும். ஆகவே பூசானிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலைவிடப் பேருந்தே மேல். பூசானின் வடகோடியில் உள்ள நோபோ நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கியோங்ஜு ஊர் நடுவில், கல்லறைப் பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் இறக்கிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பேருந்துக் கட்டணம் செலுத்தும் டி-மணி அட்டை. எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் கிடைக்கும், ஆனால் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்பார்கள். 10,000 வொன் தாள்கள் சில வைத்திருங்கள். பேருந்தில் ஏறும்போது தொடுவது போலவே இறங்கும்போதும் அட்டையைத் தொட வேண்டும். மறந்தால் அடுத்த பேருந்துக்கான மாற்றுச் சலுகை போய்விடும். இரண்டு, நேவர் மேப் அல்லது ககாவோ மேப் செயலி. கூகுள் மேப்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். கொரியாவில் நடைவழியும் காரோட்டும் வழியும் அதில் வெகுகாலமாகச் சரியாகக் கிடைப்பதில்லை. மூன்று, ஏறி இறங்கத் தோதான காலணி. இரண்டாம் நாள் மலைப்பாதை இருக்கிறது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசாவை முன்பே வாங்க வேண்டும். பருவத்தைப் பொறுத்தவரை, செர்ரி மலர்களுக்கு மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் வாரமும், இலைகள் சிவப்பதற்கு நவம்பர் முதல் பாதி. இரண்டும் கூட்டக் காலம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை அடைமழை. அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எங்கள் தேர்வு, இலையெல்லாம் உதிர்ந்த நவம்பர் கடைசி. குளிர் தாங்கும் அளவில் இருக்கும். மேடுகளின் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறி, அவற்றின் வளைவு அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

முதல் நாள், முதல் படி: கல்லறைக்குள் போங்கள்

பதினொரு மணிக்குள் ஊருக்கு வந்து, பையைத் தங்குமிடத்திலோ பேருந்து நிலையப் பெட்டகத்திலோ வைத்துவிட்டு, தேருங்வொன் என்னும் கல்லறைப் பூங்காவுக்கு நடந்து போங்கள். உள்ளே 23 மேடுகள். பூங்காவுக்கு 2023 முதல் கட்டணம் இல்லை. சொன்மாச்சோங் என்னும் ஒரு மேட்டுக்குள் மட்டும் நுழையலாம். அதற்கு 3,000 வொன்.

நேரே சொன்மாச்சோங்குக்குப் போய்விடுங்கள், மற்ற மேடுகளைச் சுற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இதன் உட்புறத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டியது போல அமைத்திருக்கிறார்கள். சில்லா மேடுகளை எழுப்பிய முறை அங்கே விளங்கும். பிணப்பெட்டியும் அருகே படையல் பொருட்கள் வைத்த பேழையும் முதலில். அவற்றைச் சுற்றி மரத்தாலான ஓர் அறை. அந்த அறையின் மேல் ஆற்றுக் கூழாங்கற்களைக் குன்றாகக் குவித்தார்கள். கல்குன்றின் மேல் நீர் இறங்காதபடி களிமண் பூச்சு, அதற்கு மேல் மண், மண்ணின் மேல் புல்.

இதில் கவனிக்க வேண்டியது, வாசல் கிடையாது என்பது. காலம் போகப் போக மர அறை உளுத்து விழும்போது மேலே இருந்த கற்கள் அத்தனையும் சரிந்து பெட்டியை மூடிவிடும். திருடன் பக்கவாட்டில் துளைத்தால் அவன் தலைமேல் கல் கொட்டும். சீனத்திலும் பெக்ஜேயிலும் வாசலும் நடைவழியும் வைத்துக் கட்டிய கல்லறைகள் பெரும்பாலும் கொள்ளை போயின. சில்லாவின் இந்த மேடுகளில் பொன் அப்படியே கிடந்ததற்கு இந்தக் கூழாங்கற்களே காரணம். பிற்காலத்தில் சில்லாவும் வாசல் வைத்த கல்லறைக்கு மாறியது. அவை தப்பவில்லை.

சொன்மாச்சோங் 1973-இல் தோண்டப்பட்டது. பக்கத்தில் இருக்கும் ஹ்வாங்நம்தேசோங் என்னும் இரட்டை மேட்டைத் தோண்டத்தான் திட்டம். அவ்வளவு பெரிய மேட்டில் கை வைக்கும் முன் பயிற்சியாக இந்தச் சிறியதைத் தொட்டார்கள். சிறியது என்றாலும் விட்டம் 47 மீட்டர், உயரம் 12.7 மீட்டர். உள்ளிருந்து பொற்கிரீடத்தோடு 11,500-க்கும் மேற்பட்ட பொருட்கள் வந்தன. பூர்ச்ச மரப்பட்டையில் செய்த சேணத் தட்டில் பாயும் குதிரை ஓவியம் ஒன்று கிடைத்தது. சொன்மா என்றால் வானக் குதிரை. கல்லறைக்குப் பெயர் அதிலிருந்து வந்தது. எந்த மன்னருடையது என்று சொல்லும் எழுத்து எதுவும் இல்லை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருட்கள் நகல்கள். அவற்றின் முன் நேரம் போக்காமல் கல்குவியலின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். அசல்களை மாலையில் பார்க்கப் போகிறீர்கள்.

வெளியே வந்ததும் இரட்டை மேட்டின் முன் நில்லுங்கள். நீளம் 120 மீட்டர், உயரம் 20 மீட்டருக்கு மேல். தெற்குப் பாதியில் ஓர் ஆண், வடக்குப் பாதியில் ஒரு பெண். பொற்கிரீடம் கிடைத்தது பெண்ணின் பக்கத்தில். ஆணுக்குப் பொன்முலாம் பூசிய செம்புக் கிரீடம். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த கண்ணாடிக் குவளைகளும் இதற்குள் இருந்தன. ஐந்தாம் நூற்றாண்டுச் சில்லா எவ்வளவு தூரம் கைநீட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மேடுகளில் ஏறாதீர்கள். அது சட்டப்படி குற்றம், கண்காணிப்புக் கேமராவும் உண்டு. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒற்றை மரம் தெரியும் இடத்தில் படமெடுக்க நீண்ட வரிசை நிற்கும். அரை மணி நேரத்தை அதில் கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு, வேண்டாம் என்போம்.

இரண்டாம் படி: சொம்சொங்தே வழியாக அருங்காட்சியகம்

பூங்காவிலிருந்து தென்கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் சொம்சொங்தே. சொந்தொக் அரசி ஆண்ட 632–647 காலத்தில் கட்டிய கல் கோபுரம். உயரம் 9 மீட்டருக்குச் சற்று மேல். வளையமாக அடுக்கிய கல்வரிசைகள் 27. தெற்கு நோக்கிய சன்னல் நடுவில் இருக்கிறது, கீழே வாசல் இல்லை; சன்னல் மட்டம் வரை உள்ளே மண்ணும் கல்லும் நிரப்பியிருக்கிறார்கள். அந்த நிரப்பல்தான் அதன் நங்கூரம். 2016 செப்டம்பரில் 5.8 அளவு நிலநடுக்கம் இதே ஊரை உலுக்கியபோது கோபுரம் சிறிதே அசைந்து நின்றுகொண்டது. விண்மீன் நோக்கும் மேடை என்பது பெயரின் பொருள். உண்மையில் ஏறி நின்று விண்மீன் பார்த்தார்களா, சடங்குக்கா என்பதில் அறிஞர்களிடையே ஒரு முடிவு இல்லை. கால் மணி நேரம் போதும். இரவில் விளக்கொளியில் திரும்ப இந்த வழியாகத்தான் வருவீர்கள்.

அடுத்து கியோங்ஜு தேசிய அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். ஆகவே மூன்று மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கியோங்ஜுவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

முதலில் பொற்கிரீடங்கள். சில்லாவின் பொற்கிரீடங்களாக இன்று அறியப்பட்டவை ஆறு. முதலாவது 1921-இல் ஒரு வீட்டு வேலைக்காக மண் தோண்டியபோது தற்செயலாக வெளிப்பட்டது. முன்பக்கத்தில் மரக்கிளை போலக் கோணங்களாக எழும் தகடுகள், பின்பக்கத்தில் மான்கொம்பு போன்ற இரண்டு. முந்திரிக்கொட்டை போல் வளைந்த பச்சைக் கற்கள் மெல்லிய பொற்கம்பியில் தொங்கும். தகடு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். தலையில் வைத்து நடந்தால் மடங்கிவிடும். உயிரோடு இருக்கும்போது அணிந்ததா, இறந்தவருக்கென்றே செய்ததா என்ற விவாதம் அங்கிருந்துதான் வருகிறது. கிரீடத்தோடு நிறுத்தாமல் பொன் இடைப்பட்டை, காதணிகள் வரை போங்கள். காதணியில் மணி மணியாகப் பொன் குருணை ஒட்டிய வேலைப்பாடு நம் ஊர்ப் பொற்கொல்லர்களுக்கும் பழக்கமான நுட்பம்.

இரண்டாவது, வோல்ஜி காட்சியகம். சூரியன் மறைந்தபின் நீங்கள் பார்க்கப்போகும் குளத்தின் அடிச்சேற்றில் 1975-இல் தொடங்கிய அகழ்வில் கிடைத்தவை இங்கே இருக்கின்றன. அரண்மனைக்காரர்கள் அன்றாடம் புழங்கிய பொருட்கள், கல்லறையில் கிடைக்காதவை. கிண்ணம், கத்தரிக்கோல், மரப்படகு. பதினான்கு முகங்கள் கொண்ட ஒரு மரப் பகடையும் இருந்தது; ஒவ்வொரு முகத்திலும் விருந்தில் தோற்றவர் செய்ய வேண்டியது எழுதியிருக்கும், "மூன்று கோப்பை ஒரே மூச்சில்" என்பது போல. அகழ்ந்தெடுத்தபின் உலர்த்தும்போது அசல் கருகிவிட்டது. இன்று பார்ப்பது நகல்.

மூன்றாவது, வெளி முற்றத்தில் தொங்கும் கண்டாமணி. சொங்தொக் மன்னர் நினைவாக அவர் மகன் தொடங்கி, பேரன் காலத்தில் 771-இல் வார்த்து முடித்தது (அரசி சொந்தொக் வேறு, இந்த மன்னர் வேறு). எடை 18.9 டன். தலைப்பகுதியில் நாகத்தின் அருகே ஒரு குழாய் நிற்கும். சீன, ஜப்பானிய மணிகளில் இது இல்லை, கொரிய மணிகளின் அடையாளம். மணிக்கு நேர் கீழே தரையில் ஒரு குழி இருக்கிறது. ஒலி அதில் அடங்கித் திரும்பும். மணியின் சுற்று மிக நுணுக்கமாகச் சமச்சீர் பிசகி இருப்பதால், நெருக்கமான இரண்டு அதிர்வுகள் கலந்து ஒலி தேய்ந்து எழுந்து, தேய்ந்து எழுந்து போகும். இப்போது அதை வழக்கமாக அடிப்பதில்லை, குறித்த இடைவெளியில் பதிவு ஒலிக்கும். காத்திருந்து கேளுங்கள், பேசாமல், கடைசி அதிர்வு அடங்கும் வரை. குழந்தையை உருக்கில் போட்டார்கள் என்ற கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். சில்லாவைப் பற்றிய பழைய வரலாற்று நூல்களில் அது இல்லை.

அதே முற்றத்தில் புல்குக்சா கோயிலின் இரண்டு தூபிகளுக்கும் நகல்கள் உண்டு. அருகே போய்ப் பார்த்து வையுங்கள், நாளைக்கு உதவும்.

மூன்றாம் படி: வோல்ஜியில் இருட்டும் நேரம்

அருங்காட்சியகத்திலிருந்து தோங்குங் அரண்மனைத் தளமும் வோல்ஜி குளமும் பத்து நிமிட நடை. நுழைவு 3,000 வொன், இரவு 10 மணி வரை; கடைசிச் சீட்டு 9.30. முன்மு மன்னர் 674-இல் வெட்டிய குளம் இது. அரண்மனை அழிந்தபின் காட்டு வாத்தும் தாராவும் மேயும் சதுப்பாகக் கிடந்ததால் பிற்காலத்தில் அனாப்ஜி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் ஊர்க்காரர்கள் அப்படியே சொல்வார்கள்.

கோடையில் இருட்ட எட்டு மணி ஆகும், குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். சூரியன் மறைவதற்கு அரை மணி முன் உள்ளே இருப்பது சரி. கோடையில் இடையில் கிடைக்கும் நேரத்தை வடக்கே ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும் பூன்ஹ்வாங்சா கோயிலுக்கும் அதன் முன்னால் விரியும் ஹ்வாங்ன்யோங்சா கோயில் தளத்துக்கும் கொடுங்கள். பூன்ஹ்வாங்சாவின் தூபி 634-இல் எழுந்தது; கல்லைச் செங்கல் அளவில் வெட்டிச் செங்கல் போலவே அடுக்கியிருக்கிறார்கள். ஹ்வாங்ன்யோங்சாவில் 80 மீட்டர் அளவு உயர்ந்த ஒன்பது அடுக்கு மரத்தூபி இருந்தது. 1238-இல் மங்கோலியர் கொளுத்தினார்கள். இப்போது தூண் நின்ற அடிக்கற்கள் மட்டும். அருங்காட்சியகம் பார்த்த பிறகு அந்தக் கற்களின் நடுவே நடந்தால் தூண்களுக்கு இடையேயான தூரத்திலிருந்தே கட்டடத்தின் பருமன் பிடிபடும்.

வோல்ஜிக்குள் எல்லோரும் முதல் மண்டபத்திலேயே நெருக்கி நிற்பார்கள். நிற்காமல் எதிர்க்கரைக்கு நடந்துவிடுங்கள். மேற்குக் கரை நேர்கோடு, அதில் மண்டபங்கள். எதிர்ப்பக்கம் நெளிநெளியான கரை. எந்த இடத்தில் நின்றாலும் முழுக் குளமும் ஒரே பார்வையில் அடங்காதபடி வெட்டியிருக்கிறார்கள். சிறிய குளம் கடல் போல முடிவில்லாமல் தோன்ற வேண்டும் என்பது நோக்கம். மண்டபங்கள் 1980-இல் மீண்டும் கட்டியவை. காற்றடித்தால் நீரில் பிம்பம் கலைந்துவிடும். அன்று காற்று இருந்தால், சிறிது பொறுத்து இருட்டியபின் அடங்குகிறதா என்று பாருங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை

சைவர்களுக்குக் கொரியாவில் உள்ள சங்கடம் கண்ணுக்குத் தெரியாத அசைவம்தான். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் அல்லது இறால் ஊறல் சேரும். தோஃபு குழம்பு என்று நம்பி வாங்கும் சுந்துபு பல கடைகளில் சிப்பியோ இறைச்சி வடிசாறோ சேர்த்துத்தான் வரும். பிபிம்பாப் கேட்டு "கோகி பே ஜுசேயோ" என்றால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். மிளகாய் விழுதில் கொத்திறைச்சி கலந்த வகையும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறைப் பூங்காவை ஒட்டி, கீரை இலையில் சோற்றைச் சுருட்டி உண்ணும் இலைச்சோற்றுக் கடைகளில் பத்துப் பதினைந்து தொடுகறி வரும். பலவும் இருவருக்குக் குறைந்து பரிமாறமாட்டார்கள். ஊரின் பெயர்பெற்ற தின்பண்டம் ஹ்வாங்நம் ரொட்டி, 1939 முதல் செய்கிறார்கள். மெல்லிய மாவுக்குள் சிவப்புப் பயற்றுப் பூரணம். நம் சுழியத்தை நினைவூட்டும், எண்ணெய் இல்லாமல். மாவில் முட்டை உண்டு.

இரண்டாம் நாள்: மேலிருந்து கீழே

சொக்குராம் குகைக்கோயில் தொஹாம்சான் மலைமேல் இருக்கிறது, புல்குக்சா கோயில் அதன் அடிவாரத்தில். பெரும்பாலோர் புல்குக்சாவை முதலில் பார்த்து, களைத்து, பிறகு மேலே போவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஊர் நடுவிலிருந்து 10 அல்லது 11 எண் பேருந்தில் புல்குக்சாவுக்கு 40 நிமிடம். இரண்டும் ஒரே வட்டத்தில் எதிரெதிராகச் சுற்றுபவை. புல்குக்சா நிறுத்தத்தில் 12 எண் பேருந்துக்கு மாறினால் வளைவுச் சாலையில் மேலே போகும். இது மணிக்கு ஒன்று என்ற அளவில்தான் ஓடுகிறது. இதன் நேரத்தை முதல் நாள் இரவே செயலியில் பார்த்து, அதற்கேற்ப ஊரிலிருந்து கிளம்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றும் பழக்கம் உள்ளவர்கள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். இரண்டு கோயில்களுக்கும் 2023 மே முதல் கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது.

வாகன நிறுத்தத்திலிருந்து காட்டுப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் குகை. உண்மையில் இது குகை இல்லை. பாறையைக் குடைந்த அஜந்தா போன்றதை எதிர்பார்த்து வருகிறவர்கள் இதைக் கவனிக்காமல் போகிறார்கள். கருங்கல் பலகைகளை நூற்றுக்கணக்கில் செதுக்கி, வட்ட அறையும் கவிகை மாடமும் கட்டி, மேலே மண்ணைக் கொட்டி மலையாக்கிவிட்டார்கள். கிம் தேசொங் என்ற அமைச்சர் 751-இல் தொடங்கிய பணி. கவிகையின் கற்களுக்கு இடையே நீளக் கற்களை ஆப்பு போலச் செருகி, அவற்றின் வால் பின்னால் உள்ள மண்ணில் புதையும்படி வைத்ததால் சுண்ணாம்பு இல்லாமலே மாடம் நிற்கிறது.

நடுவில் சுமார் மூன்றரை மீட்டர் உயர புத்தர், பூமிஸ்பரிச முத்திரையோடு கிழக்குக் கடலை நோக்கி. தலைக்குப் பின்னால் தெரியும் ஒளிவட்டம் சிலையோடு ஒட்டியது இல்லை. பின்சுவரில் தனியாகச் செதுக்கியது. வழிபடுபவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தலைக்குச் சரியாகப் பின்னே பொருந்தும். மெதுவாக இடமும் வலமும் நகர்ந்து அந்த இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். சிற்பி உங்களை எங்கே நிற்கச் சொன்னார் என்பது தெரியும்.

கண்ணாடிக்கு இப்பால் நின்றே பார்க்க முடியும், படமெடுக்கக் கூடாது. இந்தக் கண்ணாடிக்கு ஒரு சோகமான காரணம் இருக்கிறது. 1913-இல் ஜப்பானிய ஆட்சிக் காலப் பழுதுபார்ப்பில் கற்களைப் பிரித்து, திரும்பக் கட்டி, வெளிப்புறத்தைக் கான்கிரீட்டால் மூடினார்கள். மண்ணும் கல்லிடுக்கும் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த அறை அடைபட்டது. சுவரில் நீர் கசிந்து பாசி படர்ந்தது. 1960-களில் இன்னொரு கூடும் முன்மண்டபமும் கட்டினார்கள், பிறகு காற்றின் ஈரத்தை எந்திரம் வைத்து உறிஞ்ச வேண்டியதாயிற்று. ஆயிரம் ஆண்டு தானே உலர்ந்திருந்த அறை அது. புத்தருக்குப் பின்னால் மறைந்திருக்கும் பதினொரு முக அவலோகிதேஸ்வரரை அங்கே பார்க்க இயலாது. அதன் படத்தை முன்பே பார்த்து மனதில் வைத்துக்கொண்டு போனால், கண்ணுக்குப் படாவிட்டாலும் அது எங்கே நிற்கிறது என்பது தெரிந்திருக்கும்.

காலையில் மூடுபனி வந்தால் கடல் தெரியாது. வருந்த வேண்டாம், பனியில் கூட்டம் குறையும்.

இறங்கும்போது பேருந்துக்குக் காத்திருக்காமல் காட்டுப்பாதையில் நடந்துவிடுங்கள். 2.2 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், மரநிழல். பனி பெய்த மறுநாளும் கனமழையிலும் கல்படிகள் வழுக்கும். அன்றைக்குப் பேருந்தே சரி.

புல்குக்சாவுக்கு இறங்கி வரும்போது நண்பகல் ஆகியிருக்கும். ஏப்ரல், மே, அக்டோபரில் பள்ளிப் பிள்ளைகள் பத்து மணிக்கு அலையலையாக வருவார்கள். நீங்கள் வரும்போது அவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். இதுவும் மேலிருந்து தொடங்குவதன் லாபம்.

கோயிலின் மரப்பகுதிகளை 1593-இல் ஜப்பானியப் படை எரித்தது. பிற்காலத்தில் அவ்வப்போது கட்டி, 1969–73 சீரமைப்பில் முழுவடிவம் பெற்றது. சில்லாவின் கை இன்று இருப்பது கல்லில்தான். ஆகவே கோயிலுக்குள் ஓடாமல் முன்புறத் தாங்குசுவரின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். கீழே உருட்டுப் பாறைகள், இயற்கையில் கிடந்தபடி. அவற்றின் மேல் வரும் வெட்டுக்கல்லின் அடிப்பக்கத்தைப் பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். பாறையை ஒருவர் தொடவில்லை. மேற்கல் வளைந்து கொடுத்திருக்கிறது. இடையிடையே ஆணித்தலை போல வெளியே நீட்டும் கற்கள் சுவருக்குள் ஆழமாகப் போய் மண்ணைப் பிடித்திருக்கின்றன. நிலம் அதிரும்போது சுவர் குலையாமல் காப்பவை இந்த இரண்டும். முன்னால் எழும் கல்படிப் பாலங்களில் ஏற அனுமதியில்லை, பக்கவாட்டு வழியில் போக வேண்டும்.

உள் முற்றத்தில் இரண்டு தூபிகள். அலங்காரமான தபோதாப், 10.4 மீட்டர், 10 வொன் நாணயத்தில் இருப்பது இதுவே. இதன் மேடையில் நான்கு கல் சிங்கங்கள் இருந்தன, ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. எதிரே சொக்காதாப், எந்த அணியும் இல்லாத மூன்று அடுக்கு. முதல் பார்வையில் எல்லோரும் தபோதாப்பின் பக்கம் போவார்கள். சொக்காதாப்பின் அடுக்குகள் மேலே போகப்போகச் சுருங்கும் அளவைக் கண்ணால் பின்தொடருங்கள். பிற்காலக் கொரியத் தூபிகள் பலவும் அந்த அளவைத்தான் பின்பற்றின. 1966-இல் பழுதுபார்க்கப் பிரித்தபோது அதற்குள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட தாரணி என்னும் பௌத்த மந்திரச் சுருள் ஒன்று கிடைத்தது. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுப் பிரதிகளில் அதுவும் ஒன்று.

மூன்றாம் நாள் இருந்தால்

இரண்டு வழி. நடக்க முடிந்தவர்கள் நம்சான் மலைக்குப் போகலாம் (சோலில் கோபுரம் நிற்கும் நம்சான் வேறு). சம்னுங் பைன் தோப்பில் தொடங்கி, கும்ஓபோங் சிகரத்தைத் தொட்டு, யோங்ஜாங் பக்கம் இறங்க நான்கு முதல் ஐந்து மணி நேரம். உச்சி 468 மீட்டர்தான், ஆனால் யோங்ஜாங் இறக்கத்தில் கயிறு பிடிக்க வேண்டிய பாறைகள் உண்டு. வழிநெடுகப் பாறையில் புத்தர்கள், பலவும் தலையிழந்தவை. யோங்ஜாங் பாறை விளிம்பில் நிற்கும் மூன்றடுக்குத் தூபிக்கு அடிமேடை இல்லை. மலையையே மேடையாக வைத்துக்கொண்டது. தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று கிழக்குக் கடற்கரை. மூன்று நாடுகளை ஒன்றாக்கிய முன்மு மன்னர், இறந்தபின் நாகமாகிக் கடலைக் காப்பேன் என்று சொல்லி 681-இல் கடற்பாறையில் அடங்கினார் என்பது மரபு. கரையிலிருந்து சுமார் 200 மீட்டரில் பாறைக்கூட்டம் மட்டும் தெரியும். அதை மட்டும் பார்க்க ஒரு மணி நேரம் பேருந்தில் வந்தால் ஏமாற்றம்தான். அருகே உள்ள காமுன்சா தளத்தில் இறங்கினால் வந்ததற்குப் பொருள் கிடைக்கும்: அவர் மகன் 682-இல் முடித்த கோயில், இப்போது வயல் நடுவே இரண்டு பெரும் தூபிகள். கோயில் கூடத்தின் தரைக்கற்களுக்கு அடியில் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள், நாகமான தந்தை கடலிலிருந்து உள்ளே வந்து போக.

தமிழர்கள் வழக்கமாகக் கேட்பது, சூரோ மன்னரை மணந்ததாக மரபு சொல்லும் ஹோ ஹ்வாங்-ஓக் அரசியின் கல்லறையை. அது கியோங்ஜுவில் இல்லை. பூசானுக்கு மேற்கே கிம்ஹேயில் இருக்கிறது. சசாங் நிலையத்திலிருந்து கிம்ஹே இலகு ரயிலில் சூரோ மன்னர் கல்லறை நிலையத்தில் இறங்க வேண்டும். அரசியின் மேடு அங்கிருந்து நடந்து போகும் தூரம். கி.பி. 48-இல் அயுதா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்தார் என்று 13-ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யூசா சொல்கிறது. அயுதா என்பது அயோத்தி என்பாரும், குமரிப் பக்கத்து ஆய் நாடு என்பாரும் உண்டு. இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. கப்பலில் பாரமாக வந்ததாகச் சொல்லப்படும் செந்நிறக் கற்களை அடுக்கிய சிறு தூபி கல்லறை முன்னால் இருக்கிறது. கியோங்ஜுவின் மூன்றாம் நாளோடு இதைச் சேர்க்காமல், பூசானில் இருக்கும்போது அரை நாள் ஒதுக்குங்கள்.

கடற்கரைக்குப் போகும் 150 எண் பேருந்து அடிக்கடி இல்லை. காமுன்சாவில் இறங்கியதுமே திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குக் கால் மணி முன்னதாக நிறுத்தத்துக்கு வந்து கையை நீட்டி நில்லுங்கள்; ஆள் நிற்பது தெரியாவிட்டால் ஓட்டுநர் நிறுத்தாமல் போய்விடுவார்.